அந்த மூன்றாவது மேசை: கோலாலம்பூர் ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, முகாம் என்றால் விடிவதற்கு முன்பே வந்து நாற்காலி அடுக்கும் இளைஞர் பிரிவுத் தம்பி தங்கைகளே,

வணக்கம்.

நான் செந்தூலில் இருக்கிறேன். 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகும் கை சும்மா இருப்பதில்லை. எந்த ஆலயத்தில் இலவச மருத்துவ முகாம் என்றாலும் பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். உங்களில் பலருக்கு நானே பார்த்திருக்கிறேன். உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டியும் இருக்கிறேன். அதனால் யாரோ வெளியில் நின்று குறை சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லப் போகும் குறை ஆலய முகாமில் போட்ட டிஎன்ஏ பரிசோதனை மேசையைப் பற்றியது, அதில் எனக்கும் பங்கு உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எந்த ஆலயம் என்பது வேண்டாம். காலைப் பூஜை முடிந்ததும் மண்டபத்தில் முகாம். முதல் மேசையில் நான். இரண்டாவது மேசையில் விரல் நுனியில் குத்தி இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பார்க்கிறார்கள். மூன்றாவது மேசை புதிது. வெள்ளைத் துணி விரித்து, ஊதா நிறச் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள், சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். டிஎன்ஏ பரிசோதனையாம். வெளியில் செய்தால் சில நூறு ரிங்கிட் ஆகுமாம், இன்றைக்கு முதல் ஐம்பது பேருக்கு இலவசமாம். மேலும் ஒரு 20 ரிங்கிட் பற்றுச்சீட்டு வேறு.

என் பெரியம்மாவுக்கு 78 வயது. பற்றுச்சீட்டைப் பார்த்ததும் வரிசையில் நின்றுவிட்டார். துப்புவதற்கு அரை மணி நேரம் முன்பு எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது என்றார்கள். அவரோ அப்போதுதான் சர்க்கரைப் பொங்கலை முடித்திருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, முனகிக்கொண்டே அரை மணி நேரம் தூணோரம் உட்கார்ந்தார். பிறகு புனல் வைத்த குழாயைக் கையில் கொடுத்தார்கள். கோடு வரைக்கும் எச்சில் வேண்டும், நுரை கணக்கில் சேராது. அந்த வயதில் வாய் வறண்டு கிடக்கும், எங்கிருந்து வரும்? "எலுமிச்சம்பழத்தை நினைச்சுக்குங்க பாட்டி" என்றான் அந்தப் பையன். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாரம் நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. பெரியம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஆகவே நான் நிரப்பினேன். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எந்தக் கட்டத்தில் போகும் என்று பழக்கத்தில் தெரியும், அதனால் கண்ணாடி இல்லாமலே சமாளித்தேன். தொலைபேசி எண் கேட்டிருந்த இடத்தில் அவருடைய பேரன் எண்ணைப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. "மூணுலயும் டிக் பண்ணிடுங்க ஆன்ட்டி, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." டிக் பண்ணினேன். பெரியம்மா தன் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்தாகப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் விளக்கம் சொன்னாரா, நோயாளிக்குப் புரிந்ததா என்று பார்த்து, சம்மதப் பாரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்கு வைக்கவில்லை. என் சொந்தப் பெரியம்மாவுக்கு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். கோயில் மண்டபம், பொங்கல் வாசனை, தெரிந்த முகங்கள். இங்கே யார் ஏமாற்றப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆஸ்பத்திரியில் இருக்கும் எச்சரிக்கை செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது, பேரனின் கைப்பேசிக்கு. பையனுக்கு 19 வயது. முதல் பக்கத்தில் பெரியம்மாவின் பூர்வீகம் 98 சதவீதம் தென்னிந்தியா என்று போட்டிருந்தது. இதற்கு எதற்கு எச்சில், மூக்குத்தியைப் பார்த்தாலே தெரியுமே என்று சிரித்துக்கொண்டு, முழு அறிக்கையையும் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டான். குழுவில் 43 பேர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிய தாத்தாவின் ஊரை இது கண்டுபிடிக்குமா என்று ஒரு மாமா கேட்டார். கண்டுபிடிக்காது. ஊர்ப் பெயரெல்லாம் ரத்தத்தில் எழுதியிருக்காது.

ஆறாம் பக்கத்தை முதலில் பார்த்தது பெரியம்மாவின் இரண்டாவது மகள், எனக்குத் தங்கச்சி முறை. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக அதில் இருந்தது. மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் மரபணு அது. கீழே பொடி எழுத்தில், இந்த மாற்றத்தின் பொருள் உறுதியாகத் தெரியவில்லை என்றும் இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? நானே படிக்கவில்லையே. தங்கச்சி மூன்று வாரம் தூங்கவில்லை.

அவள் அப்போதுதான் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) எடுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். ஏஜெண்ட் வேறு யாருமில்லை, எங்கள் சித்தப்பா மகன். அவனும் அதே புலனக் குழுவில் இருக்கிறான். ஒரு நாள் இரவு எனக்கு அழைத்தான். "அக்கா, நான் அதைப் பார்த்தேன்னு வச்சுக்கவா, பார்க்கலைன்னு வச்சுக்கவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, காப்புறுதிப் பாரத்தில் கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் கவனத்தோடு பதில் சொல்வது வாடிக்கையாளரின் கடமை. பின்னால் பொய் என்று தெரிந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் உறுதியில்லாத ஒரு மாற்றம், அதுவும் தன் உடம்பில் அல்ல, தாயின் எச்சிலில் கண்டது, அது 'தெரிந்த விஷயம்' ஆகுமா? ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் 2021-லேயே இதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். மரபணுப் பரிசோதனை செய்துகொள் என்று காப்புறுதி நிறுவனம் வற்புறுத்தக் கூடாது, ஏற்கெனவே செய்த பரிசோதனையின் முடிவைப் பயன்படுத்தவும் கட்டுப்பாடு உண்டு. கனடா 2017-ல் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2008 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதிக்கும் வேலைக்கும் அது பாதுகாப்பு. ஆயுள் காப்புறுதிக்குப் பொருந்தாது. நம் நாட்டில் மரபணுவை வைத்துப் பாகுபாடு பார்க்கக் கூடாது என்று சொல்ல இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் நாடாளுமன்றத்துக்கும் எழுத வேண்டிய கடிதம் அது, எழுதுவேன். இந்தக் கடிதம் உங்களுக்கு, ஏனென்றால் மேசை உங்கள் மண்டபத்தில் இருந்தது.

தங்கச்சியை ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மரபணு ஆலோசகர் என்று இப்போது ஒரு வேலை இருக்கிறது, நாட்டில் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார் அந்த அம்மா. இந்த மாற்றத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வழக்கமான மார்பகப் பரிசோதனையை விடாமல் செய்துவந்தால் போதும் என்றார். ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கேட்டேன். உலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் மரபணுத் தகவலில் பெரும் பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது, நம்மைப் போன்றவர்களின் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான ஆட்கள் அதில் இல்லை என்றார். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 2018-ல் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு எச்சில் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். பிஆர்சிஏ மரபணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் தெரிந்திருக்க, அது பார்த்தது மூன்றே மூன்றை. அந்த மூன்றும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. செந்தூல்காரி ஒருத்திக்கு அதில் 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதற்கு என்ன மதிப்பு, சொல்லுங்கள்.

ஆக, கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஆட்கள் கொடுத்தால்தான் நம் ஆட்களுக்குப் பதில் கிடைக்கும். இதயத் தசையைக் கட்டும் ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் உண்டு, அது இதய நோயோடு தொடர்புடையது என்று 2009-ல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் கண்டறிந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் ரத்தம் கொடுத்ததால்தான். இங்கேயே செராஸில், தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கழகம் மூன்று இனத்தவரையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியர்களைத் தன் நீண்டகால ஆய்வில் பதிந்தது. அதெல்லாம் நல்ல காரியம். ஆராய்ச்சி என்று தெரிந்து, ஆராய்ச்சிக்கென்று கொடுப்பது வேறு. 20 ரிங்கிட் பற்றுச்சீட்டுக்காக வரிசையில் நின்று கொடுப்பது வேறு.

என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா கையெழுத்துப் போட்டது தனக்காக. துப்பியது எங்கள் எல்லாருக்கும் சேர்த்து.

பெற்ற பிள்ளைக்குத் தாயின் மரபணுவில் சரிபாதி. கூடப் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழப் பாதி. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால் பங்கு. மாமன் மகன் அத்தை மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. இது பொதுக் கணக்கு. நம் வீட்டுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. என் பெரியம்மா கட்டிக்கொண்டது தன் சொந்தத் தாய்மாமனை. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஒருவரோடொருவர் இரண்டு வழியில் சொந்தம். ஒருவர் வீட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தால் மற்றவர் வீட்டு ஜன்னலும் சேர்ந்து திறக்கிறது. அந்த 43 பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை நான்.

கற்பனைப் பயம் இல்லை இது. 23அண்ட்மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் 2023-ல் கடவுச்சொல் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளுக்குள். ஆனால் உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக அவர்கள் அள்ளிக்கொண்டு போனது ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை. அத்தான் கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்றால் மச்சான் வீட்டிலும் திருட்டு, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் நாற்பது வருடமாகப் பிடிபடாத கொலைகாரன் ஒருவனை 2018-ல் பிடித்ததும் இதே வழியில்தான். அவன் எங்கேயும் எச்சில் கொடுக்கவில்லை. தூரத்துச் சொந்தக்காரர்கள் ஒரு வம்சாவளித் தளத்தில் தங்கள் தகவலை ஏற்றியிருந்தார்கள். அவன் பிடிபட்டது நல்லதுதான், யாரும் அழவில்லை. ஆனால் எச்சிலே கொடுக்காத ஒருவனைச் சொந்தக்காரர்களின் எச்சில் காட்டிக்கொடுக்கும் என்றால், அது நல்லவனையும் காட்டும்.

அந்த 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவாலுக்கு மனுப் போட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் ஏலத்துக்கு வந்தது. கடைசியில் நிறுவனத்தைத் தொடங்கியவரின் லாப நோக்கமற்ற அமைப்பே 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. வேறு யாராவது வாங்கியிருந்தால்? கடை மூடினால் அலமாரியில் இருக்கும் சரக்கை விற்பார்கள், சரி. இங்கே அலமாரியில் இருப்பது நாம்.

உங்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. உடல்நலத் தகவலை அது நுண்ணிய (சென்சிட்டிவ்) தகவலாகக் கருதி, வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் தருகிறது. 2024-ல் அதைத் திருத்தி, கைரேகை முக அடையாளம் போன்றவற்றையும் சேர்த்து, அபராதத்தைப் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். 2025-ல் கட்டம் கட்டமாக அது நடப்புக்கு வந்தது. எல்லாம் நல்லது. ஆனால் மரபணு என்று பெயர் சொல்லி அதில் எங்கும் எழுதவில்லை. வணிக நடவடிக்கைகளுக்குத்தான் அந்தச் சட்டம், மத்திய மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. ஆலயம் இலவசமாக நடத்தும் முகாமில், ஆலயத்தின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கிய விவரங்களுக்கு அது எவ்வளவு தூரம் கை கொடுக்கும்? உங்கள் சட்ட ஆலோசகரிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. இறந்தவர் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரமாட்டார். பெரியம்மா நூறு வயது இருக்கட்டும். ஆனாலும் ஒரு நாள் அவர் போன பிறகு, அவர் எச்சிலில் இருந்து எடுத்த தகவல் அவர் பெயரில் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அவர் மகளின் பாதி அதில் இருக்கும். ஐஸ்லாந்தில் நாட்டு மக்களின் மருத்துவக் குறிப்புகளை எல்லாம் ஒரே களஞ்சியத்தில் சேர்க்க 1998-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். இறந்துபோன தன் தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்குப் போட்டாள். தந்தையைப் பற்றிய தகவலில் இருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும் என்பதால் தடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று 2003-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. சின்ன நாடு, மூன்று லட்சம் பேர் கூட அப்போது இல்லை. ஆனால் கேள்வியைச் சரியாகப் பிடித்தார்கள்.

இதெல்லாம் குடும்பத்தின் பாடு, நிர்வாகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவாசுபாய் என்று ஒரு சிறு பழங்குடி. இனிப்பு நீர் நோயால் அவதிப்பட்டார்கள். 1990-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தாருக்கு அதற்காக ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்து மனநோய், நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரைக்கும் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுடைய பிறப்புக் கதையையே பொய்யாக்கும் முடிவுகளும் அதில் வந்தன. 2010-ல் ஏழு லட்சம் டாலரும், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. அங்கே அவமானப்பட்டது தனி ஆள் இல்லை, மொத்தச் சமூகம். மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தைப் பற்றி நம்மை வைத்து யாராவது அப்படி ஒரு கட்டுரை எழுதினால் உங்கள் ஆலயத்தின் பெயரும் அதில் வரும். அதுமட்டுமா? கல்யாணப் பேச்சில் ஜாதகத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சாதியையும் கேட்கிற கூட்டம் இன்னும் நம்மில் உண்டு. நாளைக்கு மரபணு அறிக்கை என்று மூன்றாவதாக ஒரு தாளையும் கேட்கும். சந்தேகமே வேண்டாம்.

முகாம் முடிந்த பிறகு நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மேசைக்காரர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதிவு எடுத்த நீளமான நோட்டுப் புத்தகம் ஆலயத்தினுடையது. பெயர், ஐசி எண், கைப்பேசி எண், டிஎன்ஏ கொடுத்தவர்களுக்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரக் குறி. அது அர்ச்சனைச் சீட்டு விற்கும் கவுண்டரில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. சீட்டு வாங்க நின்ற ஒருவர் அதில் தன் சம்பந்தி பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மூடி வைத்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில்.

அந்த நிறுவனத்துக்குத் தங்கச்சி மகன் மின்னஞ்சல் எழுதினான். பெரியம்மா பெயரில் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், அழித்துவிடுங்கள் என்று. மரியாதையாகவே பதில் வந்தது. கணக்கை மூடிவிட்டார்களாம், எச்சில் மாதிரியை அழித்துவிட்டார்களாம். ஏற்கெனவே ஆராய்ச்சிக்குப் போய்விட்ட தகவலை மட்டும் திரும்ப எடுக்க முடியாதாம், அதற்குச் சம்மதம் தந்திருக்கிறீர்களே என்று மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் என் டிக். நல்ல தெளிவாகவே இருந்தது.

இப்போது உங்களிடம் கேட்பது. இனிப்பு நீர், பிரஷர் முகாமை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேருக்கு அங்கேதான் முதன்முதலாக வியாதி தெரியவருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் டிஎன்ஏ மேசையை அதோடு சேர்க்காதீர்கள். அது பொங்கலுக்கும் பந்திக்கும் நடுவில் செய்கிற வேலை இல்லை. வேண்டும் என்றால் தனி நாள் வையுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே பாரத்தைத் தமிழில் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வீட்டில் நாலு பேரிடம் பேசிவிட்டு வரட்டும். தமிழில் தர முடியாத நிறுவனத்துக்கு நம் எச்சில் எதற்கு? பற்றுச்சீட்டு, கூப்பன் எதுவும் வேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளிடம் எடுக்கவே விடாதீர்கள், அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவு செய்யட்டும்.

மண்டபத்தைக் கொடுக்கும் முன்பு அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மாதிரி எந்த நாட்டுக்குப் போகிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், நிறுவனம் கைமாறினால் தகவல் யாருக்குப் போகும், ஆராய்ச்சிக்குச் சம்மதிக்காதவருக்கும் பரிசோதனை உண்டா? முக்கியமாக, கெட்ட செய்தி வந்தால் அதைத் தமிழில் உட்கார்ந்து விளக்கப் போவது யார்? அதற்கு ஆள் இல்லை என்றால் மேசை போட வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நினைக்கிறேன்.

பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல் கோபப்படுவார் என்றுதான் போனேன். "என் வாயில இருந்து வந்தது, என்னைக் கேட்டுத்தானே எடுத்தாங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சின்னவளுக்கும் அது உண்டா?" என்று கேட்டார். தெரியாது, பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இரவு சின்னவளுக்கு அவரே கூப்பிட்டு, மார்பகப் பரிசோதனைக்குப் போனியா என்று கேட்டாராம்.

தைப்பூசத்துக்குப் பிறகு மறுபடியும் முகாம் வைப்பதாகச் சிலர் பேசிக்கொள்கிறீர்கள். எந்த ஆலயமானாலும் சொல்லுங்கள், வருகிறேன். மூன்றாவது மேசை இருக்கும் என்றால் எனக்கு முதல் மேசை வேண்டாம். அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள், வருகிறவர்களுக்குப் பாரத்தை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துச் சொல்கிறேன். இந்தத் தடவை கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
செந்தூலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸி